புழுவுக்கு வைத்த இலை

எங்கள் ராமகுப்பத்தில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊறவைத்த ஒரே மனிதன் பவுடர்தான். தண்ணீரை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்றால், அதை எதில் ஊறவைப்பது என்று பெங்களூரில் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

பவுடர் என்பது அவன் பெயரல்ல. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் அவன் மனைவி கலாவே, "அது யாரு?" என்று கேட்பாள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம், பேன்ட் பையில் ஒரு பொட்டலம், வண்டி சீட்டுக்கு அடியில் நாலைந்து என்று பொடிகளோடே திரிந்ததால் ஊர் வைத்த பெயர் அது. முருங்கைக்கீரைப் பொடி, ஆளி விதைப் பொடி, அசுவகந்தாப் பொடி, அப்புறம் ஸ்பைருலினா என்று கரும்பச்சையில் ஒரு பாசிப் பொடி. ஒருமுறை கர்நாடக எல்லைச் சாவடியில் எங்கள் ஆந்திரப் போலீஸ்காரர் ஒருவர் இவனை நிறுத்தி, தெலுங்கில் "இதேன்ட்ரா?" என்று அந்தப் பச்சைப் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டுவிட்டார். இவன் விளக்க ஆரம்பித்தான். வெயில் ஏறிவிட்டது. பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. கடைசியில் அந்தப் போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "நுவ்வு வெள்ளு சாமி" என்று கெஞ்சி அனுப்பினாராம். போகும்போது அவருடைய மூட்டு வலிக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். நான் அந்த ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். என் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும், வயதானவர்கள் உட்காரட்டும் என்று போட்டது. அதில் ஒரு வயதானவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இவன் உட்கார்ந்திருப்பான். என்னிடம் மருந்து வாங்கிப் போகிறவர்களை எல்லாம் மடக்குவான்.

"இன்னா மாமா, இன்னா வாங்கிகினு போற?"

"வயிறு சரியா போவலடா. அதுக்கு மாத்திர."

"ஆளி வெத துன்னு மாமா. முழுசா துன்னாத, பொடி பண்ணி துன்னு. முழுசா துன்னா அது எப்டி உள்ள போச்சோ அப்டியே வெளிய வந்து உன்ன பாத்து சிரிக்கும்."

வந்தவர் சிரித்துக்கொண்டே மாத்திரையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு வயிறு எரியும். வயிற்றெரிச்சலுக்கும் அவன் ஒன்று வைத்திருந்தான், மஞ்சள் தூள் போட்ட பால். "மெளகு தட்டி போடுணா. மெளகு இல்லாம மஞ்சள் உள்ள போனா ஒடம்பு அத சேத்துக்காது, வாசல்லயே நிக்க வெச்சிரும்." எனக்கு எரிச்சலே என்னவென்றால், அவன் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி சொந்தச் சரக்கு. எது எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது.

இந்த ஞானம் எல்லாம் அவனுக்குப் பெங்களூரில் கிடைத்தது. பக்கத்து டவுனான குப்பத்தில் ரயில் ஏறி எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவன் ஒரு ஜிம்மில் மெஷின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தான். துடைத்த கை சுத்தமாக இருந்ததால் ஜூஸ் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு டம்ளர் பச்சை ஜூஸின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். அந்த மயக்கத்துக்கும் அங்கே தனியாக ஒரு ஜூஸ் உண்டு. வருகிற மகாராஜாக்கள் எல்லாம் ஒமேகா, ஃபைபர், புரோபயாட்டிக் என்று பேசப் பேச, இவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஜிம் விடியும் முன்பே திறந்து ராத்திரிதான் மூடும் என்பதால் வாரமெல்லாம் அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அப்படி ஒரு ஞாயிறு அவன் உள்ளே நுழைந்தபோது, யுகேஜி படிக்கிற அவன் மகள் சேரை இழுத்துப் போட்டாளாம். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம். "உக்காருங்க, அம்மா வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாளாம். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. அன்று சாயங்காலம் அவன் ரயில் ஏறவில்லை. ஊர் முழுக்க உளறித் திரிகிற பயல், இதை மட்டும் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

ஆனால் வீட்டில் அவனுக்கு ஆரத்தி ஒன்றும் எடுக்கவில்லை. கலா அவன் இல்லாத காலத்திலேயே தனியாளாக மல்பெரித் தோட்டம் போட்டு, பட்டுப்புழு ஷெட் கட்டி, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். "வேலைய உட்டுட்டு வந்தியா? சரி. ஷெட்டுல வேல செய். ஆனா புழுகிட்ட போயி உன் ஜிம்மு கதைய அவுத்து உடாத" என்றாள்.

அவிழ்த்துவிட்டான். முதல் பேட்ச்சிலேயே, அவள் அசந்த நேரம் பார்த்து, இலை மேல் முருங்கைப் பொடியைத் தூவிவிட்டான். கேட்டதற்கு, "பாவம், அதுங்களும் ராவும் பகலும் ஒர்க்கவுட் பண்ணுதுங்க, புரோட்டீன் வேணாமா?" என்றானாம். புழுக்கள் பொடி இலையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. அவை கட்டிய கூட்டை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிந்தார். கலா தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரு பேட்ச்சு. அது நல்லா வந்தா இங்க இரு. வரலன்னா மறுபடி ரயிலேறு. நான் உன்னயும் வளத்து புழுவயும் வளக்க முடியாது."

சும்மா மிரட்டுகிறவள் அல்ல அவள். அதற்குப் பிறகு பவுடர் புழுவிடம் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயை எல்லாம் ஊரிடம் திறந்தான்.

ஊர் என்றால் முக்கியமாகக் கங்கம்மா அக்கா. என் கடைக்கு எதிரே டீக்கடை. அக்காவுக்கு சுகர் உண்டு, வாய் அதைவிட உண்டு. பவுடர் அவளுக்குச் சியா விதையை ஊறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஏரியில தவள முட்ட போட்டா அத மொண்டுகினு வந்துருவியா?" என்றாள். கீன்வா என்று ஒரு தானியம் கொடுத்தான். அக்கா அதை உப்புமா கிண்டிப் போட்டாள். அன்று அவள் கடையில் சண்டை நடந்தது. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டதற்கு, "கோழி கூட யோசிச்சி யோசிச்சி துன்னுதுடா" என்று வந்து என்னிடம் சொன்னாள். ஆன்டிஆக்சிடன்ட் பற்றிச் சொல்லப்போய், "ஒடம்பு உள்ளுக்குள்ள துரு புடிக்குதுக்கா, அத தடுக்கற சாமான் இது" என்று நெல்லிக்காயை நீட்டினான். "யாருக்குடா துரு?" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். இவன் என் கடைக்குள் ஓடிவந்து சிரப் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்தான்.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த ஒருவனை ஊர் நம்பியது. ஒரே ஒரு விஷயத்தில் நம்பியது. அதுதான் அவன் தலையில் விடிந்தது.

மல்பெரி இலையை நிழலில் காயவைத்துக் கொதிக்கவிட்டுக் குடித்தால் சுகருக்கு நல்லது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அக்கா போனால் போகிறது என்று குடித்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்து என் கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் நன்றாக இறங்கியிருந்தது. அதே வாரம்தான் அக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் வீங்கி, சோறே தின்னாமல் கிடந்தாள். "பல்லு புடுங்கினதால எறங்கியிருக்கும்கா" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? "மாத்திர விக்கறவன் வேற எப்டி பேசுவான்" என்று அக்கா என்னையே திருப்பி அடித்தாள்.

மறுநாள் டீக்கடையில் பாலுக்குப் பக்கத்தில் பச்சையாக இன்னொரு பாத்திரம் கொதித்தது. அதற்கு மறுநாள் ஊரே பவுடரின் தோட்டத்து வாசலில் நின்றது. எங்கள் ஊரில் மல்பெரி எங்கே இல்லை? ஆனால் எல்லாருக்கும் இவன் தோட்டத்து இலைதான் வேண்டும். ஏனென்றால் இவனே, "மத்தவங்க யூரியா போடறாங்க, எங்களுது வெறும் சாணி எரு, பியூர் ஆர்கானிக்கு" என்று பெருமை அடித்து வைத்திருந்தான்.

கலா அன்று சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாள். போனதற்குக் காரணம் உண்டு. பட்டுப்புழு தோல் உரிப்பதற்கு முன்னால் தீனி தின்னாமல் அசையாமல் கிடக்கும். அதை எங்கள் பக்கம் ஜுரம் என்பார்கள். கடைசி ஜுரத்தில் புழுக்கள் கிடந்த அந்த நாளில் ஷெட்டில் வேலை இல்லை. ஜுரம் தெளிந்து எழுந்ததும் அவை தின்னப்போவதுதான் உண்மையான தீனி. கூடு கட்டுகிற வரைக்கும் ராப்பகலாக, கொண்டுபோய்க் கொட்டக் கொட்டத் தின்னும். அதற்காகத்தான் அவள் அந்தத் தோட்டத்தைக் கிள்ளாமல் வளர்த்து வைத்திருந்தாள்.

பவுடர் கேட்டைத் திறந்துவிட்டான். பின்னே? வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பேச்சைக் கேட்டு நாலு பேர் வந்திருக்கிறார்கள். "வாங்க வாங்க, கொழுந்தா பாத்து கிள்ளுங்க" என்று வரவேற்றான். பை கொண்டுவந்தார்கள், மூட்டை கொண்டுவந்தார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். பெங்களூரில் இருக்கிற மச்சானுக்கு என்று கட்டுக் கட்டாக வெட்டிக்கொண்டு போனார்கள். இவன் ஒவ்வொருவருக்கும் எப்படிக் கொதிக்கவைப்பது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

கலா பட்டுப் புடவையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனாள். வெறும் குச்சிகள் நின்றன.

"இன்னாது இது? மாடு பூந்துச்சா?"

"மாடு இல்ல கலா," என்றான் பவுடர். "ஊரு."

அவள் உள்ளே போய் அவனுடைய பெங்களூர்ப் பையை எடுத்துத் துணி அடுக்கி, ஜிப்பை இழுத்து, வாசற்படியில் கொண்டுவந்து வைத்தாள். பிறகுதான் பேசினாள். "நாளைக்கு கார்த்தால புழு எழுந்துரும். எல இல்லன்னா எல்லாம் செத்துப்போவும். நீ போயி டீக்கடையில நின்னு, அது எல்லாம் பொய்யின்னு சொல்லு. சொல்லி, அள்ளிகினு போன எலைய வாங்கினு வா. இல்லன்னா பைய எடுத்துக்கோ."

மறுநாள் காலை என் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை.

"அண்ணா, அது பொய்யின்னு சொல்லணுமாம்."

"சொல்லிட்டு போயேன்டா. ஊருக்கு இத்தன நாளா எவ்ளோ உட்டிருக்கற."

"பொய் இல்லியேண்ணா. நெஜமாவே அந்த எலையில இருக்குது. சாப்பிட்டதும் சுகர் சடார்னு ஏறாம கொஞ்சம் புடிச்சி வெக்கும்." கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றினான். "இருக்கறத இல்லன்னு எப்டிண்ணா சொல்றது?"

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையிலிருந்து கங்கம்மா அக்கா வந்தாள். தலை சுற்றுகிறது, நாக்கு ஒட்டுகிறது என்றாள். குத்திப் பார்த்தேன். சுகர் எங்கேயோ ஏறியிருந்தது. மெஷினைப் பவுடர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன்.

"மாத்திர துன்னியாக்கா?" என்றேன்.

"மாத்திர எதுக்கு? அதான் எலத் தண்ணி குடிக்கிறேனே."

"மாத்திரைய நிறுத்த சொன்னது யாரு?"

"இவன்தான். 'இது போதும்கா, மாத்திரயெல்லாம் ஓடிப்போயிரும்'னு சொன்னானே. ஊரே நிறுத்திட்டு கீது."

நான் அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்ட முடியவில்லை. முகம் அப்படி வெளுத்துப்போய் நின்றான். அவனுடைய அந்த மீதிப் பாதி என்னவென்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. நான் கொடுத்த மாத்திரையை அவனே அக்காவின் கையில் வைத்தான். தண்ணீரும் அவனே எடுத்துக் கொடுத்தான். "துன்னுக்கா. உன் காலுல உழறேன், துன்னு. டாக்டர்கிட்டயும் நானே இட்டுகினு போறேன்."

பிறகு டீக்கடைக்குப் போய் பெஞ்சு மேல் ஏறி நின்றான். வாழ்நாளில் முதல்முறையாகச் சின்னக் குரலில் பேசினான். "அந்த எல கொஞ்சம் ஒதவும். கொஞ்சம்தான். மாத்திரைய உட்டுட்டு அத குடிக்கக் கூடாது. நான் அளவுக்கு மேல சொல்லிட்டேன். தப்பு என்னுது. எலைய வெச்சிருக்கறவங்க குடுங்க, புழுவுக்கு எல இல்ல."

ஊர் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கூட்டத்திலிருந்து ஒருவர் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தீங்களா, எல தீந்துபோவுதுன்னு கத உடறான். அவ்ளோ நல்ல எலையா இருந்தாதான் இவனே மறைக்கப் பாப்பான்!" இத்தனை நாளாகத் தொண்டை கிழியக் கத்தியபோது நம்பாதவர்கள், அவன் இல்லை என்று சொன்னதும் சத்தியமாக நம்பினார்கள். அங்கேயே ரெண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார்கள், குச்சியாவது கிடைக்குமா என்று.

பவுடர் பெஞ்சிலிருந்து இறங்கி, கங்கம்மா அக்காவின் கையைப் பிடித்தான். "வாக்கா" என்று ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

புழு ஷெட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. கடைசித் தீனிக் காலத்தில் சொந்த நாத்தனாரைக் கூட வாசலோடு நிறுத்திவிடுவார்கள். சீக்கு ஒட்டிக்கொண்டு வரும், கண் படும். கலா வாசலை மறித்தாள். "வுடு கலா, அக்கா பாக்கட்டும்" என்றான் பவுடர். அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் நகர்ந்துகொண்டாள். சீக்கு ஒட்டாமலிருக்க வாசலில் கொட்டியிருந்த சுண்ணாம்பில் காலை வைத்து அக்கா உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நல்ல தீனிக் காலத்தில் ஷெட் பக்கம் போனாலே புழு இலை தின்கிற சத்தம் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. அடுக்கடுக்காக, விரல் பருமனுக்கு வளர்ந்த புழுக்கள், தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடிக்கொண்டிருந்தன. அக்காவும் முட்டி போகிற வரைக்கும் புழு வளர்த்தவள்தான். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சத்தமே இல்லியேடா" என்றாள் மெதுவாக. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவ்வளவுதான். நேரே கடைக்குப் போனாள். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கினாள். கரண்டியைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவே நின்றாள். "டேய், ஷெட்டுல புழு பட்டினி கெடக்குது! ஒரு கட்டு எல கொண்டாரவனுக்கு ஒரு டீ. எல இல்லாதவனுக்கு இன்னிக்கு மட்டுமில்ல, இந்த ஜென்மத்துல என் கடையில டீ கெடையாது!"

காலை வேளையில் டீ இல்லாத ராமகுப்பத்தை நீங்கள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஊர் வீராப்பாக இருந்தது. பிறகு ஒருவர் தலை சொறிந்துகொண்டே தன் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். அப்புறம் நிற்கவில்லை. யூரியா இலையோ சாணி இலையோ, புழுவுக்கு என்ன, வந்து குவிந்தது. குப்பம் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து டீ கேட்டுப் பார்த்தார், அக்கா திரும்பவே இல்லை. அவர் அடுத்த ட்ரிப்பில் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு வைத்துக்கொண்டு வந்தார். அவசரத்தில் ஒருவர் முருங்கைக் கீரையைக் கொண்டுவந்து நீட்ட, பவுடருக்குப் பழக்க தோஷம், "இதுல இரும்புச் சத்து..." என்று ஆரம்பித்தான். கலா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். நான் என் ஸ்கூட்டரில் மதியம் வரை கட்டுக் கட்டாக ஏற்றி இறக்கினேன். எனக்கு அவன் மேல் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. டீ குடிக்காமல் எனக்குத் தலை வலித்தது, அவ்வளவுதான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஷெட்டுக்குள் மழை பெய்ய ஆரம்பித்தது. கலா கதவில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். பவுடர் தூரத்தில் நின்று அவளையே பார்த்தான், கிட்டே போகப் பயம்.

கூடு அமோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எடுத்தால் கெட்டியாக இருந்தது. மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்த அன்று, கலா வாசலில் கிடந்த பையைத் திறந்து துணிகளை உதறி எடுத்தாள். பையைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்துப் பரண் மேல் தூக்கிப் போட்டாள்.  

அடுத்த திங்கட்கிழமை காலையில் சரக்கு எடுக்கக் குப்பம் போயிருந்தேன். ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் டிபன் பையும் தூக்கக் கண்ணுமாக முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு பெட்டி வாசலிலும் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ரயில் கிளம்பிப் போய்விட்டது. அவன் அதில் இல்லை. ஒரு மனுஷன் கண்ணில் படாததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.